பெயர்ப்பலகை வேண்டாத காலனி: காஞ்சிபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காஞ்சிபுரம் பற்றி இந்த வலைப்பூவில் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டேன். எந்தக் கோயிலுக்கு எப்போது போனால் கூட்டம் இருக்காது, ஆட்டோக்காரர் கூட்டிப்போகிற புடவைக் கடையில் விலை ஏன் ஏறுகிறது, எங்கே காபியை நம்பிக் குடிக்கலாம் என்று எல்லாம் சொல்லியாயிற்று. அந்தப் பதிவு ஒன்றின் கீழே சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் பின்னூட்டம் போட்டிருந்தாள். வேலைக்குப் போகும் வேனில் என் பதிவுகளைப் படிப்பாளாம். ஊரையே சுற்றிவிட்டீர்கள், எங்கள் பக்கம் மட்டும் வரவில்லை என்று எழுதியிருந்தாள். குத்தலா அழைப்பா என்று தெரியவில்லை. பதில் போட்டேன். அழைப்புதான்.

அவளை ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்து நான்கு. ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாள். அன்றைக்குக் காலனியில் ஒரு காரியம் இருக்கிறது, நீங்கள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். என்ன காரியம் என்று கேட்டதற்கு, போர்டு நடுகிறோம் என்றாள். போர்டு நடுவதற்கு ஒரு விருந்தாளியா என்று சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

தாம்பரத்தில் ஆறே முக்கால் மணி ரயில். டிக்கெட் இருபது ரூபாய். செங்கல்பட்டு வரை நின்றுகொண்டு வந்தேன், அதற்கப்புறம் ஜன்னலோர இடம் கிடைத்தது. எட்டரைக்குக் காஞ்சிபுரம். நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, முப்பத்தைந்து ரூபாய். சட்னி நீர்த்திருந்தது.

ஷேர் ஆட்டோவில் காலனியின் பெயரைச் சொன்னேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும். என் பையையும் தொப்பியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க இன்னாத்துக்குமா போறீங்க? கோயில்லாம் இந்தப் பக்கம் இருக்குது."

தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். பிள்ளையார்பாளையம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டு, இன்னும் கொஞ்ச தூரம் நேராக நடக்கச் சொன்னார். வண்டி உள்ளே போகாதாம். தார்ச்சாலை அந்தப் பக்கமும் நன்றாகத்தான் இருந்தது. இருபது ரூபாய் கொடுத்துவிட்டு நடந்தேன். அறுநூறு மீட்டர் இருக்கும்.

காலனி என்பது நான்கு தெருக்கள். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் நெல் அரவை ஆலையின் மதில். அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள், அவற்றின் மேல் பிள்ளைகள் சம்பாதித்து ஏற்றிய ஒற்றை அறைகள், இரண்டுக்கும் நடுவே தகரமும் பிளாஸ்டிக் படுதாவும். ஒரு வீட்டில் மூன்று அடுப்பு எரிகிறது, அதாவது மூன்று குடும்பம். குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அன்றைக்குத் தண்ணீர் வராத நாள், ஆனாலும் குடங்கள் வரிசையில் இருந்தன. கால்வாயில் சாயப்பட்டறைத் தண்ணீர் அன்று கத்தரிப்பூ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் பொதுக்கழிப்பறைக்குப் பூட்டு.

பட்டு ஊர் என்று பெயர். இந்த நான்கு தெருவில் ஒரு தறிகூட இல்லை. முன்தலைமுறை வயல்காடுகளில் கூலி வேலை பார்த்தது. இப்போது ஆளுக்கொரு வேலை. சாயப்பட்டறை, அரிசி மண்டியில் மூட்டை, வண்ணம் பூசுவது, நகரின் குப்பை வண்டி, யாத்ரீகர்கள் தங்கும் விடுதிகளில் அறை கூட்டுவது. பெண் பிள்ளைகள் பத்தோ பன்னிரண்டோ முடித்ததும் கம்பெனி வேன் ஏறிவிடுகிறார்கள். பையன்கள் கொஞ்ச நாள் வேன் ஏறி, பிறகு இறங்கிவிடுகிறார்கள். காலை ஒன்பது மணிக்கே இரண்டாவது தெருமுனையில் நான்கு பேர் போதையில் நிதானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை வீட்டில் ஆண் துணை இல்லை என்று ஸ்டெல்லாவின் அம்மா மேரியிடம் கேட்டேன். எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள், சீக்கிரம் எண்ணி முடிக்கலாம் என்றார்.

பாதி வீடுகளில் மாதா படம், பாதி வீடுகளில் அம்மன் படம், சில வீடுகளில் இரண்டும். ஸ்டெல்லாவுக்கே இரண்டு பெயர். வீட்டிலும் சர்ச்சிலும் ஸ்டெல்லா, சான்றிதழில் ஓர் இந்துப் பெயர். கிறிஸ்தவர் என்று எழுதினால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும் என்பதால் ஏறக்குறைய எல்லாக் கிறிஸ்தவ வீடுகளிலும் இப்படித்தான். இதை அவள் ரேஷன் கடை நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

மூன்றாவது தெருவில் சாக்கடையைத் தாண்ட ஓர் இரும்புத் தகடு போட்டிருந்தார்கள். அதில் கால் வைத்தபோது, இதுதான் எங்கள் பழைய போர்டு என்றாள் ஸ்டெல்லா. குனிந்து பார்த்தேன். எழுத்துள்ள பக்கம் கீழே இருந்தது.

காலனிக்கு ஒரு தலைவரின் பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே இங்கே இருப்பவர்கள் என்ன சாதி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சில வருடங்களுக்கு முன் நகராட்சி சாலை முகப்பில் பலகை வைத்தது. வைத்த வாரமே அதைப் பிடுங்கியது வெளியாட்கள் இல்லை. காலனிக்காரர்களேதான். வெளியே யார் கேட்டாலும் இவர்கள் சொல்வது பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கும் நெசவாளர் தெருவின் பெயர். வேலைக்குச் சேரும்போதும், பிள்ளைகள் பள்ளியில் சிநேகிதம் பிடிக்கும்போதும், கொரியர்காரரிடமும் அதே தெரு. கொரியர் வந்தால் பங்குக்குப் போய் வாங்கிக்கொள்வார்கள். குழந்தைகள் பேசப் பழகும்போதே இந்தப் பொய்யும் பழகிவிடுகிறது.

ஸ்டெல்லாவின் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். போன மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது ஸ்டெல்லா. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் நெசவாளர் தெருவின் பெயரைச் சொன்னாள்.

"யோசிச்சு சொல்லலக்கா. வாயில அதான் வந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து யார் கேட்டாலும் அதானே சொல்லிக்கினு இருக்கோம்."

வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் அந்தத் தெருவுக்கு. அவர்கள் கதவு கதவாகத் தட்டிக் கேட்டார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள் அங்கே இருந்தவர்கள், உண்மைதானே. திரும்பப் போன் வந்தபோதுதான் ஸ்டெல்லாவுக்குத் தான் செய்தது புரிந்தது. காலனியின் பெயரைச் சொன்னாள். ஓட்டுநர் வெளியூர்க்காரர். இருட்டு, மழை, முகப்பில் பலகை இல்லை. திருப்பத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்கள். அப்போது அப்பாவின் தலை மேரியின் மடியில் இருந்தது. உயிர் இல்லை.

இதைச் சொல்லும்போது ஸ்டெல்லா அழவில்லை. வேனில் என் காபிக் குறிப்புகளைப் படித்துக்கொண்டு போகிற பெண்ணின் மனதில் இது இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

அதனால்தான் போர்டு. அவளும் ஐந்தாறு பெண்களும் சேர்ந்து தகடு வாங்கினார்கள். காலனியிலேயே ஒரு பெயிண்டர், மஞ்சளில் கறுப்பு எழுத்தாக எழுதிக்கொடுத்தார். சர்ச் பூசை முடிந்து பதினோரு மணிக்கு மேல் சாலை முகப்பில் குழி தோண்டினார்கள். சுற்றிலும் கூட்டம் இருந்தது. ஆனால் கடப்பாரையை வாங்க இன்னொரு கை நீளவில்லை.

அப்போது ஏழுமலை வந்தார். மண்டியில் மூட்டை தூக்குகிறவர், ஸ்டெல்லாவின் அப்பாவுக்குக் கூட்டாளி. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. பெயர் வேண்டாம், ஒன்றாவது தெரு, இரண்டாவது தெரு என்று மட்டும் போடு என்றார். எந்த ஊரில்தான் ஒன்றாவது தெரு இல்லை, பெயர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றாள் ஸ்டெல்லா.

"உங்கப்பன் போனது எனக்கும் வயித்தெரிச்சல்தாம்மா," என்றார் ஏழுமலை. "என் புள்ள கல்யாண சமையலுக்குப் போறான். அவன் ஆக்கிப் போட்ட சோத்த நல்லாருக்குதுன்னு ரெண்டாவது தபா வாங்கித் துன்றாங்க. எங்கேர்ந்து வரான்னு தெரிஞ்சா அதே எலயில துப்பிடுவாங்க. மேஸ்திரி மறுநாள் கூப்பிட மாட்டாரு. அவன் சம்பாத்தியத்துலதான் எங்க வீட்ல அடுப்பு எரியுது."

"நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலிச்சா இன்னா அட்ரஸ் சொல்லுவீங்க பெரியப்பா?"

அவர் குழியோரத்திலிருந்து ஓரடி பின்னால் போனார்.

"அதயேதாம்மா சொல்லுவேன். வேற வாயில வராது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்டெல்லா கம்பத்தைக் குழியில் இறக்கினாள். நானும் ஒரு கை பிடித்தேன். கல்லும் சிமெண்ட் கலவையும் போட்டு இறுக்கினோம். சிமெண்ட் காய்வதற்குள் யாராவது அசைத்துவிடுவார்களோ என்று மேரி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் கொளுத்தியது. எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத் துப்பக்கூடியவர்கள் மீது வந்த கோபம். அவர்களில் என் உறவுக்காரர்களும் இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மதியம் மேரி வீட்டில் சோறும் மாட்டுக்கறிக் குழம்பும். சாப்பிடுவீர்களா என்று கேட்காமல் எனக்கென்று முட்டை பொரித்து வைத்திருந்தார்கள். குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். காரம் நன்றாகப் பிடித்திருந்தது.

இனி வழக்கமான குறிப்புகள். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். திரும்புவதற்குப் பேருந்துதான் வசதி. அன்றைய என் மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள்தான். விடுதியில் தங்கினால் உங்கள் அறையைக் கூட்ட வருகிறவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று பேச்சுக்காகக்கூடக் கேட்காதீர்கள். அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும். ஆட்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். காலனியின் பெயரை எழுதவில்லை, வழியையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஏழுமலையின் மகன் இந்த முகூர்த்த மாதத்திலும் எங்கோ சமைத்துக்கொண்டிருக்கிறான். ஏழைகள் வாழும் இடத்தைச் சுற்றிப்பார்க்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை வந்தால், அடக்கிக்கொள்ளுங்கள். நான் அழைப்பின் பேரில் போனேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதலாமா என்று ஸ்டெல்லாவிடமே கேட்டேன். எழுதுங்கள் என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். ஒன்றே காலுக்கு வேன். நானும் ஷேர் ஆட்டோ பிடிக்க அவளோடு கிளம்பினேன். கம்பெனிச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. சாலை முகப்பில் மேரி பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா கம்பத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. சந்தோஷமாக எனக்குக் கட்டைவிரல் காட்டினாள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். வேன் அந்த வழியாகத்தான் ஒரகடம் போகிறது, அவளே சொன்னதுதான். ஸ்டெல்லா நிற்கவில்லை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்கை நோக்கி வெயிலில் நடந்தாள். நான் பின்னால் ஓடிப்போய், இங்கேயே ஏறலாமே, இந்த வெயிலில் ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"வேன்ல எல்லாரும் ஒரே டப்பாலதான் கை போட்டு சாப்பிடறோம்க்கா," என்றாள்.

கொஞ்ச தூரம் நடந்தபின் திரும்பாமலே சொன்னாள்.

"போர்டு ஆம்புலன்ஸுக்குத்தான்."

பங்கில் வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சான்றிதழில் இருக்கிற பெயர். அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள்.