ஆணி எந்தப் பக்கம்

ஆயுளின் நல்ல பகுதியைப் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதித்தே கழித்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சந்தேகத்திலிருந்து இன்னும் பெறவில்லை. தூங்குகிறவனைக் கண்டால் சீட்டு வாங்காதவன் என்று முடிவு கட்டுவார். விழித்திருப்பவனைக் கண்டால், சீட்டு வாங்கியவனுக்கு எதற்கு இத்தனை விழிப்பு என்று யோசிப்பார். பெண் பார்க்கப் போன இடங்களில், பெண் இவ்வளவு அடக்கமாக இருப்பதன் உள்நோக்கம் என்ன என்று விசாரித்ததில் கல்யாணம் நடக்காமல் போயிற்று. அதற்காக அவர் வருந்தியதாகத் தகவல் இல்லை. தெருவுக்கே அவர் செக்கர்.

உலகில் அவர் சந்தேகப்படாத ஜீவன் ஒன்று உண்டு: அவர் வளர்த்த வெள்ளாடு. ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். மேடத்துக்குப் பக்கத்து மனையின் கீரைப் பாத்திமேல் தீராத ஆசை. பக்கத்து மனை தங்கையுடையது. அப்பா விட்டுப்போன நிலத்தின் மறுபாதி. செக்கருக்கு மிஞ்சிய ஒரே சொந்தம் அவள். மத்தியானச் சாப்பாடு அவள் கையிலிருந்து வேலிக்கு மேலாக வரும். தட்டுடன் தெருச் செய்திகளும், அன்றைக்கு உரிய திட்டும் சேர்ந்தே வரும்.

ஒருநாள் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. தங்கை தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“இன்னொரு தடவை உன் ஆடு இந்தப் பக்கம் வந்துச்சுன்னா, வேலியப் பிடுங்கிட்டு செங்கல் சுவர்தான் அண்ணா. ஆள் உயரத்துக்கு. அப்புறம் நீயே சமைச்சுக்கோ, உன் ஆட்டோடயே பேசிக்கோ.”

சொன்னதைச் செய்கிறவள் அவள். மறுநாளே கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போனார். சுவர் எழும்பினால் சோறு ஒருபக்கம் இருக்கட்டும், நாள் முழுக்கச் செக்கரிடம் பேச ஆளே இருக்காது. ஆனாலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதே அவர் கட்சி. கீரையைத் தின்றது மேடம்தான் என்பதற்கு என்ன சாட்சி? தெருவில் வேறு ஆடே கிடையாதா? எனினும் பெரிய மனசு பண்ணி, தம் செலவில் புதுக் கம்பிவலை அடித்துத் தர ஒப்புக்கொண்டார்.

மரக்கம்பங்கள் ஏற்கெனவே ஊன்றியிருந்தன. வலையை அவற்றோடு பிடித்து நிறுத்த, இரண்டு கால்களோடு வளைந்த யூ ஆணி வேண்டும். ஹார்டுவேர் கடைக்காரர் இரண்டு வகையை மேசையில் கொட்டினார். ஒன்று குட்டை, வழவழப்பானது. மற்றது நீளம், துருப்பிடிக்காத பூச்சு, கால்களில் சின்னச் சின்ன வெட்டுகள். வெட்டு மரத்தைக் கவ்விக்கொள்ளும், ஆடு உரசினாலும் கழன்று வராது என்று சொல்லி நீளமானதைத் தள்ளினார். செக்கர் உஷாரானார். ஆடு என்ற பேச்சையே தாம் எடுக்கவில்லையே. யாரோ முன்கூட்டியே வந்து காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தம் சட்டை முழுக்க ஆட்டுமயிர் ஒட்டியிருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஒருவன் ஒரு பொருளைத் தள்ளுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று தீர்மானித்துக் குட்டையையே வாங்கினார்.

வலையை ஆடு நிற்கிற பக்கமாக அடிக்க வேண்டும், அப்போதுதான் அது முட்டும்போது வலை கம்பத்தில் போய் அழுந்தும். மறுபக்கம் அடித்தால் ஒவ்வொரு முட்டும் ஆணியை வெளியே தள்ளும் என்றும் கடைக்காரர் சொன்னார். இது செக்கருக்குத் தெரியாத சங்கதி அல்ல. சிக்கலே அதில்தான். வலையைத் தம் பக்கம் அடித்தால், முட்டுகிற பிராணி தம் பக்கம்தான் இருக்கிறது என்று கைப்பட எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எனவே தங்கை பக்கம் அடித்தார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் தங்கையும் அவள் கணவரான தையல்காரரும் மட்டுமே. இருவருக்கும் முட்டுகிற பழக்கம் கிடையாது.

சில நாளில் ஆணிகள் உதிர ஆரம்பித்தன. அதைவிட விசேஷம், விழுந்த ஆணி மறுநாள் மறுபடி கம்பத்தில் இருந்தது. செக்கருக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று. யாரோ பிடுங்குகிறார்கள், தடயம் தெரியாமலிருக்கத் திருப்பி அடிக்கிறார்கள். யார்? அளப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர் ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். வேலி விழுந்தால் சுவர் வரும். சுவர் வரும்போது அளவுநாடா கட்டைவிரல் அகலம் இந்தப் பக்கம் நகரும், நிலம் அந்தப் பக்கம் போகும். தையல்காரர் எப்போதும் சிரித்த முகமாக இருப்பதன் காரணம் இப்போதல்லவா புரிகிறது.

தங்கை கடைக்குப் போன ஒரு முற்பகலில், கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் செக்கர் மறைந்து நின்றார். தையல்காரர் சுத்தியலோடு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். செக்கர் போர்வையை விலக்கிக்கொண்டு பாய்ந்தார்.

“எத்தனை நாளா நடக்குது மாப்பிள்ளை இது?”

தையல்காரர் உடனே பதில் சொல்லவில்லை. மௌனத்தைச் செக்கர் குறித்துக்கொண்டார். குண்டூசி கவ்விப் பழகிய வாய் அது; இப்போது யூ ஆணிகளைக் கவ்வியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் பேச முடிந்தது.

“நான் பிடுங்கல மச்சான். விழுறதத் திருப்பி அடிக்கிறேன். அவ பார்த்தா சுவர் வந்துடும்.”

“சுவர் வராம இருக்கறதுல உங்களுக்கு என்ன லாபம்?”

“சுவர் வந்துட்டா உங்களுக்கு வர்ற திட்டெல்லாம் எங்க போகும்? வீட்ல மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான்.”

லாபத்தை ஒளிக்காத வாக்குமூலத்தைச் செக்கர் வாழ்நாளில் கேட்டதே இல்லை. நம்பாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது மேடம் வந்தது. இருவரையும் சட்டை பண்ணாமல் விலாவை வலையில் சாய்த்துச் சாவகாசமாகத் தேய்த்தது. ஓர் ஆணி தெறித்துத் தையல்காரரின் காலடியில் விழுந்தது.

தையல்காரர் குனிந்து அதைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“யாரு முட்டினாங்கன்னு நான் கவனிக்கல மச்சான்,” என்றார் தையல்காரர்.

“நானும்தான்,” என்றார் செக்கர்.

ஆணி வாங்க வேறு கடைக்குப் போனார். அங்கேயும் அதே நீள ஆணியைத்தான் தள்ளினார்கள். இரண்டு கடைக்காரர்களும் கூட்டு என்று உறுதியானது, ஆனாலும் வாங்கிக்கொண்டார். தையல்காரர் வலையை இழுத்துப் பிடிக்க, செக்கர் தம் பக்கமாக அடித்தார். இரண்டு காலும் மரத்தின் ஒரே ரேகையில் இறங்கினால் மரம் பிளக்கும் என்று ஆணியைச் சற்றே சாய்த்து அடித்தார். அடியோடு இறக்கினால் கம்பி நசுங்கும் என்று மயிரிழை இடம் விட்டார். கடைசிக் கம்பத்தில் இருந்தபோது தங்கை திரும்பி வந்தாள்.

“வலை ஏன் உன் பக்கம் போச்சு?”

“ஆணி உங்க பக்கம் இருந்தா பாதுகாப்பில்ல. யாரோ கை வைக்கிறாங்க. இனிமே எல்லாம் என் கண்ணு முன்னால இருக்கட்டும்.”

தையல்காரர் அகப்பட்ட ஆள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். தங்கை கணவரைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், அண்ணனிடம் வந்து நின்றாள்.

“ஆள் சிக்கியாச்சா?”

“விசாரணை நடக்குது.”

“சரி. விசாரணை முடிஞ்சதும் கொத்தனாரை வரச் சொல்றேன். எப்போ முடியும்?”

“என் சர்வீஸ்ல எந்த விசாரணையும் சீக்கிரம் முடிஞ்சதில்ல.”

“அதானே,” என்று சொல்லிவிட்டு, தட்டு எடுக்க உள்ளே போனாள். மேடம் புது வலையில் சாய்ந்து பார்த்தது; வலை கம்பத்தோடு அழுந்தி நின்றது. செக்கர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் வழியாகத் தங்கை பார்க்கக்கூடும் என்பதால், தையல்காரரையே முறைத்துக்கொண்டு நின்றார்.