அவர் சோம்பேறி இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் வேலை பார்த்தபோது நடந்தது இது. என் கணவர் தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. பொழுது விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற மனிதர். ஐம்பதைத் தொடுவதற்குள் ஏதோ ஆகிவிட்டது. வேலைக்குப் போவதை நிறுத்தினார். நாள் முழுக்க நாற்காலிதான். எதிரிலேயே குடம் இருக்கும். தாகம் என்பார், ஆனால் எழுந்து மொள்ள மாட்டார். "அவ்ளோ தூரம் போவணுமா? வேணாம், விடு."

"பொண்டாட்டி சம்பாதிக்கறா, இவருக்கு இன்னா கொறச்சல்?" என்று என் காதுபடவே கம்பெனியில் பேசினார்கள். அவருடைய அண்ணன் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். "ஒரு வாரம் சோறு போடாத. தானா எழுந்து வேலைக்குப் போவான்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. நடக்கும்போது அவருடைய வலது கை வீசாமல் தொங்கியது. கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கியிருந்தது. "இது திமிரு இல்ல மாமா, நோவு" என்று அவருடைய அண்ணனிடம் சொல்லிவிட்டு, லீவு போட்டு வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இவரை அழைத்துப் போனேன்.

நான் சொன்னதையெல்லாம் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் என்றார். "தாகம் இருக்கும்மா. ஆனா எழுந்து போற கஷ்டத்துக்கு அந்தத் தண்ணி தகும்னு மூளைக்குத் தோணணும் இல்லியா? அதுக்கு டோபமின்னு ஒண்ணு வேணும். இவருக்கு அது கம்மியாயிடுச்சு. நல்லா கவனிச்சிருக்கீங்க."

என் கணவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ நான் சோம்பேறி இல்லியா டாக்டர்?"

"இல்லவே இல்லீங்க."

மாத்திரை மெல்ல மெல்லத்தான் பிடித்தது. சில மாதம் கழித்து, ஒரு மழை நாள் சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே குடையோடு அவர் நின்றிருந்தார்! என்னோடு வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இன்னாண்ணா, இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாம்மா. வரணும்னு தோணுச்சு, வந்துட்டேன்."

அந்த நோய் முழுதாகத் தீரக்கூடியது அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் பார்க்க, அவரோடு ஒரே குடையில் தலை நிமிர்ந்து நடந்த அந்தப் பெருமை, அதற்குப் பிறகு எனக்கு வந்த எந்தக் கஷ்டத்திலும் என்னைக் குனியவிட்டதில்லை.