பிலோமினா அக்காவும் வேவு பார்த்த கணினியும்

பிலோமினா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று வியாழக்கிழமை காலை நம் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ரந்தாவ் ஊர்ப் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பையை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். அவரைப் பற்றிப் பேச எனக்கு அருகதை குறைவு. ஆனாலும் நான்தான் பேசியாக வேண்டும்.

நாம் குடியிருக்கும் தோட்டம் விற்பனைக்கு, வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்ததும் குடியிருப்போர் குழு அமைத்து வழக்குத் தொடுத்தோம். நான் செயலாளர். அக்கா தெமியாங் ஊரில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவர். அவர் கணவர் தோட்ட மேனேஜரின் கார் ஓட்டுநர். அந்த வருட ஆயுதபூசைக்குத் தோட்ட ஆபீஸ் ஒரு பழைய கணினியைக் கோயிலுக்குக் கொடுத்தது. சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அதிலேயே வழக்கு வேலையைத் தொடங்கினோம். ஆபீஸ் எது கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிப் பழகியவர்கள் நாம்.

ஒரு நாள், நாம் எழுதி இன்னும் அனுப்பாத கடிதத்துக்கு ஆபீசிலிருந்து பதில் வந்தது. குழு கூடியது. எல்லார் முன்னிலையிலும் அக்காவைக் கேட்டேன்: "நம்ம விஷயமெல்லாம் உங்க வீட்டுக்காரர் வழியாத்தானே போகுது?"

"இப்ப எழுந்து போனா நீ சொன்னது உண்மையாயிடும் தம்பி. போகமாட்டேன்லா," என்றார் அக்கா. கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கம்ப்யூட்டர்ல நீயே ஒரு பொய்ய எழுது. யார்கிட்டயும் சொல்லாதே. எங்கிட்டயும் காட்டாதே." செவ்வாய் காலை பத்து மணிக்கு ஆபீஸ் முன்வாசலில் மறியல் என்று எழுதி வைத்தேன். செவ்வாய் பத்து மணிக்கு முன்வாசலில் ஆறு காவலாளிகள், ஒரு ஜீப். மோட்டார் சைக்கிளைத் திருப்பி நேரே அக்கா வீட்டுக்கு ஓட்டினேன். நாம் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் அந்தக் கணினி வழியாகவே ஆபீசுக்குப் போயிருக்கிறது.

வழக்கு விசாரணைக்கு மூன்றே நாள் இருந்தது. அக்கா இணைய வயரைப் பிடுங்கினார். குடியிருப்போரின் வாக்குமூலங்களை மட்டும் பெண்டிரைவில் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அழித்து, விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் போடப்போவதாகச் சொன்னார்.

"எல்லாம் போயிட்டா?" என்று கத்தினேன்.

"வேவு பாக்குறத மட்டும் தேடி எடுத்தா, இன்னொன்னு ஒளிஞ்சிருக்கும். மொத்தமா தொடச்சாத்தான் நிம்மதி. நீயே அழுத்து. நான் எதையோ மறைச்சேன்னு நாளைக்குச் சொல்லிடக்கூடாது பாரு."

அழுத்தினேன். வாக்குமூலங்கள் ஒன்றுகூடக் குறையாமல் திறந்தன. வழக்கில் நின்றோம், வீடுகள் தப்பின.

கணினியைத் துடைத்த அன்றே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஊரு முன்னால பழி போட்ட. மன்னிப்ப மட்டும் தனியா கேக்குறியே தம்பி?" அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். தீர்ப்பு வரும்வரை கணினி விஷயம் வெளியே போகக்கூடாது என்று வழக்கறிஞர் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. தீர்ப்பு வந்த பிறகும் சொல்லவில்லை. வெட்கம், வேறென்ன. கடைசிவரை நம்மில் சிலர் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினோம்.

பிலோமினா அக்கா நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் வீட்டுக்காரரும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் போட்டது பொய்ப்பழி. அக்காவுக்குச் சேர வேண்டியதாக என்னிடம் இருப்பது, அவர் காதில் விழாமல் போன இந்த மூன்று வாக்கியங்கள்தான். ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று இதை வாசிப்பேன். அவர் வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்காரச் சம்மதித்திருக்கிறார்.