அண்ணன் ஏற்க மறுத்த பயிற்சி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. பதினாறாம் நாள் கூடியிருந்த பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசியதை நான் மறக்கவில்லை. பொறுமையே உருவானவர் என்றார் ஒருவர். யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர் என்றார் இன்னொருவர். கிடைத்ததைக் கொண்டு மனநிறைவோடு வாழ்ந்தவர் என்று மூன்றாமவர் முடித்து வைத்தார். துக்க வீட்டில் மறுத்துப் பேசுவது முறையல்ல என்பதால் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று சொல்கிறேன். இம்மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. அண்ணன் கோபக்காரர். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை உறவினரும் நண்பரும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த நினைவு மலரில் இக்கட்டுரை.

அண்ணன் பிறந்தது கீழப்பழுவூரை அடுத்த எங்கள் சிற்றூரில். அப்பா ஊர்த் துணி வெளுத்தவர். ஏரிக்கரையில் துணியை ஆவியில் அவிக்க வெள்ளாவி வைப்பார். கூலி என்று ஒன்று கிடையாது. அறுவடைக் களத்தில் நெல் அள்ளிப் போடுவார்கள். பொழுது சாய்ந்ததும் அம்மா ஒரு பானையோடு வீடு வீடாகப் போய், வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்து, ராச்சோறு வாங்கி வருவார். ஒரு வீட்டில் கம்பு, ஒரு வீட்டில் வரகு, அதன்மேல் எந்த வீட்டுக் குழம்போ. எல்லாம் ஒரே பானையில். ஊரில் சாவு விழுந்தால் பாடைக்கு முன்னே மாற்றுத் துணி விரித்துக்கொண்டே போவதும் அப்பாவின் கடமை. அப்பா அதைச் செய்தார், குறையில்லாமல் செய்தார். அண்ணனுக்கு அப்பா மீதும் அவர் தொழில் மீதும் வெறுப்பு இருந்ததில்லை. அந்தப் பானை மீதுதான் இருந்தது.

அப்பா காலமான பின் அண்ணன் அரியலூருக்கு நடந்தார். ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஓர் ஆலையில் பாய்லருக்கு விறகு சுமக்கும் வேலை கிடைத்தது. உலகப் போர் தொடங்கியதும் அதே ஆலையில் ராணுவக் கூடாரத் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். இரவும் பகலும் ஆலை ஓடியது. விறகு சுமந்தவர் நெருப்புப் போடுபவரானார்; பிறகு தண்ணீர் மட்டமும் ஆவி அழுத்தமும் பார்ப்பவரானார்; கடைசியில் பாய்லரும் எஞ்சினும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. டவுனில் அவரைப் ‘பாய்லர் ஆள்’ என்றே அழைத்தார்கள். முதல் சம்பளம் வாங்கி வந்த அன்று அம்மாவின் பானையைத் தூக்கிக் கிணற்றடியில் வைத்து, “இனிமே இதுல துளசி வையிம்மா” என்றார். என்னை ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவருடைய ஆலைச் சம்பளமே.

போர் முடிந்தது. வெற்றி விழா என்று ஆலையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அதே வாரத்தில் கேட்டைப் பூட்டினார்கள். கூடாரம் வேண்டாம் என்று உத்தரவு வந்துவிட்டதாம். அத்தனை வருடம் தீயின் முன்னால் நின்றவர்களை அழைத்து ஒரு வார்த்தை சொல்ல ஒருவரும் வரவில்லை. காவல்காரர் பூட்டைக் காட்டினார், அவ்வளவுதான்.

செய்தி ஊருக்கு எங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. பெரிய வீட்டு மிராசுதார் அண்ணனைத் தெருவில் நிறுத்தினார்.

“என்னடா, ஆலை வெளிய தள்ளிடுச்சாமே? போனா போவுது. வெள்ளாவி அங்கனயேதான் கெடக்கு.”

“கெடக்கட்டுங்க. நீங்க வேணும்னா வச்சுப் பாருங்க” என்றார் அண்ணன்.

யாரையும் எதிர்த்துப் பேசாதவர் என்று சொன்னவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும். அந்த ஒரு பதிலுக்காக, அப்பா உழைத்ததை எண்ணி அம்மாவுக்கு அளந்துவந்த களத்து நெல் நின்றது, பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுப்பது நின்றது. அம்மாவையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு அரியலூரில் ஒரு குடிசைக்கு வந்தோம்.

இந்நிலையில்தான் சர்க்கார் அறிவிப்பு வந்தது. போர்க்கால ஆலைகளில் வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி தருவார்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. முடித்தவர்களுக்கு வேலைக்கும் ஏற்பாடு செய்வார்கள். லேத்தில் கடைசல் வேலை, ஆயில் எஞ்சின், பற்றவைப்பு, தச்சு, தோல், சவரம், சலவை என்று பிரிவுகள். பூட்டிய ஆலையின் கிடங்கிலேயே வகுப்பு. அண்ணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாய்லர் தெரியும், ஆயில் எஞ்சினும் கற்றுக்கொண்டால் இந்தத் தாலுக்காவில் எங்கும் பிழைக்கலாம் என்றார். இங்கிலீஷில் எதுவும் கேட்டால் துணையாக இருக்கட்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். ஆகவே நான் எழுதுவது காதால் கேட்டது அல்ல, கண்ணால் கண்டது.

தேர்வு செய்ய வந்த ஆபீசர் அண்ணனைப் பார்த்து, ஆலையில் என்ன வேலை செய்தாய் என்று கேட்கவில்லை.

“உங்க அப்பாவுக்கு என்ன தொழில்?” என்றுதான் கேட்டார்.

அண்ணன் சொன்னார்.

“அப்ப சலவை” என்றார் ஆபீசர்.

“சார், நான் பாய்லர் பாத்தவனுங்க. எஞ்சின் வகுப்புக்கு வந்திருக்கேன்.”

“அப்பன் தொழிலா இருந்தா சீக்கிரம் கை படியும். அதுதான் திட்டம். வெள்ளாவியும் ஆவி, பாய்லரும் ஆவி. உனக்கு என்னப்பா கஷ்டம்?”

பக்கத்தில் நின்ற சேவகர் சிரித்தார். அண்ணனுக்கு அடுத்து, ஆலைப் பக்கமே தலைகாட்டாத ஒரு மிராசுதார் வீட்டுப் பிள்ளை வந்தார். அவருக்குக் கடைசல் வகுப்பு. அவருடைய அப்பா கடைசல் வேலை செய்தவரா என்று யாரும் கேட்கவில்லை. நான் இங்கிலீஷில் ஆட்சேபம் சொன்னேன். “வாத்தியார் பள்ளிக்கூடத்தைப் பாருங்க” என்று பதில் வந்தது. அண்ணனிடம் மட்டும், “நாளைக்கு மத்த ஆளுங்களைப் பாக்குறேன். அதுக்குள்ள யோசிச்சுட்டு வா” என்றார்.

அன்று மாலை ஸ்டேஷன் டீக்கடையில் அண்ணனோடு ஆலையில் வேலை செய்த நால்வர் கூடினார்கள். மறுநாள் தேர்வு அவர்களுக்கு. அவர்களில் ஆலையில் ஃபிட்டராக இருந்த மாணிக்கத்தின் தந்தை ஊருக்குச் சவரம் செய்தவர்; சாவு வீட்டில் சங்கு ஊதுவதும் அவர்தான். நடந்ததைக் கேட்டதும் மாணிக்கம் ஒரு வழி சொன்னார்.

“எல்லாரும் அப்பன் தொழில் எஞ்சின் டிரைவர்னு சொல்லிருவோம். எவன் ஊருக்குப் போயி கேக்கப் போறான்?”

“எல்லாருக்குமா?” என்றார் இன்னொருவர்.

“ஆமா. நமக்கென்ன, செலவா?”

அண்ணன் மறுத்துத் தலையாட்டினார். “நீங்க சொல்லுங்கடா. நான் சொல்லல.”

“அண்ணே, ஒரு நாளைக்கு அப்பாவை மாத்திக்கிட்டா என்ன? அவரு செத்து எத்தனையோ வருசமாச்சு. கோவிச்சுக்கவா போறாரு?”

“அவரு கோவிச்சுக்க மாட்டாருடா. நான்தான் கோவிச்சுக்குவேன்.”

மறுநாள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். நான்காமவர் வந்தபோது ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்க ஊர்ல எல்லா அப்பனும் எஞ்சின் டிரைவர்தானா?”

“ரயிலு பக்கத்துல இருக்குதுங்க சார்” என்றார் மாணிக்கம் பின்னாலிருந்து.

ஆபீசர் சிரித்துவிட்டார். நால்வருக்கும் எஞ்சின் வகுப்பு கிடைத்தது. அது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “நீயும் அதையே சொல்லித் தொலையேன், எழுதிக்கிறேன்” என்றார்.

அண்ணன் நேராக நின்றார்.

“எங்கப்பா துணி வெளுத்தாருங்க. நல்லா வெளுத்தாரு. நான் வெளுக்க மாட்டேன். ரெண்டையும் எழுதுங்க.”

“ஒண்ணு எழுதத்தான் எடம் இருக்கு.”

“அப்ப எனக்கு எடமில்லைன்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் வெளியே வந்தார்.

பொய் சொன்னால் சேர்த்துக்கொள்ளும், உண்மை சொன்னால் துரத்தும் ஓர் ஏற்பாட்டுக்கு உதவித் திட்டம் என்று பெயர் வைத்தவர்கள் யாரோ, எனக்குத் தெரியாது. அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்றும் தணியவில்லை. வேலை இழந்தவனுக்கு வேலை கற்றுத் தருகிறோம் என்று கூப்பிட்டு, அவன் எந்த வாசலிலிருந்து தப்பி வந்தானோ அதே வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்கா இத்தனை கிடங்கும், இத்தனை ஆபீசரும்?

அதன் பிறகு அண்ணன் ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையில் மூட்டை சுமந்தார். பருத்திப் பொதியும் நிலக்கடலை மூட்டையும். இருமல் அங்கேதான் பிடித்தது. அண்ணி வேண்டாமென்று அழுதார். “சலவை வகுப்புல உக்காந்திருந்தா இருமல் வந்திருக்காது, தெரியும். விடு” என்பார் அண்ணன். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் மனநிறைவு என்றால் எனக்குத் தமிழ் தெரியாது என்றுதான் பொருள்.

கொட்டகைக்கு நெல் ஏற்ற வந்த லப்பைக்குடிக்காட்டு அரிசி மில் முதலாளி பாய் ஒருநாள் யாரிடமோ தம் எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அண்ணன், “அது எப்ப நிக்குதுங்க, சூடானப்பறமா, ஓட்ட ஆரம்பிக்கிறப்பவேயா?” என்று கேட்டார். பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். “அதை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. அல்லா பேரால ஒரு வாரம் பாருங்க. ஓடுச்சுன்னா இருங்க, ஓடலைன்னா ரெண்டு பேருமா சேர்ந்து அதை ஆத்துல தள்ளிருவோம்” என்றார். எஞ்சின் உடனே ஓடிவிடவில்லை. ஆயில் எஞ்சின் அண்ணனுக்குப் புதிது. இரண்டு முறை பிரித்து மாட்டியும் நின்றது. பாய் பொறுத்தார். மூன்றாம் வாரம் ஓடியது. அண்ணன் மில்லிலேயே வேலைக்கு இருந்துவிட்டார். கடைசி வரை பாய் அப்பாவின் தொழிலைக் கேட்கவில்லை.

இதற்குள் மாணிக்கமும் மற்ற மூவரும் வகுப்பை முடித்திருந்தார்கள். கையில் சான்றிதழ் இருந்தது. வேலைக்கு ஏற்பாடு செய்வோம் என்ற ஆபீசில், மில் முதலாளிகள் கேட்கும்போது சொல்கிறோம் என்றார்கள். கேட்ட முதலாளிகள் முதலில் கேட்டது எதை என்று நான் எழுத வேண்டியதில்லை. அண்ணன் விடுமுறை நாட்களில் ஜெயங்கொண்டம் பக்கம் கிணறு கிணறாக அலைந்தார். ஆயில் எஞ்சின் வாங்கித் தண்ணீர் இறைக்கத் தொடங்கியிருந்த குடியானவர்களிடம், “ரெண்டு நாள் சும்மா வச்சுப் பாருங்க, புடிச்சா கூலி குடுங்க” என்று பேசி, நால்வரையும் ஒவ்வொரு இடமாக அமர்த்தினார். ஓரிடத்தில் கிணற்றுக்காரர், இவன் யார் வூட்டுப் புள்ளை என்று இழுத்தபோது, “உங்க எஞ்சின் அதைக் கேக்குதாங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். அடுத்த கிணற்றில் வேலை கிடைத்தது. சர்க்கார் செய்ய வேண்டியதை, இருமிக்கொண்டே ஒரு மனிதர் நடந்து செய்தார்.

இருமல் முற்றி, திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்து திரும்பிய அண்ணன், எங்கள் வீட்டில்தான் கண் மூடினார். மூட்டை சுமந்த நாட்களே அவரைக் கொன்றன என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பாடை எடுக்கும் அன்று காலை மாணிக்கம் என்னைத் தனியே அழைத்தார். சங்கு ஊதும் தொழிலைத் தொடவே மாட்டேன் என்று இருந்தவர். “வாத்தியாரே, அண்ணனுக்கு மட்டும் நான் ஊதட்டுமா?” என்று கேட்டார்.

“ஊதினால் அவர் எழுந்து வந்து உங்களைத் திட்டுவார்” என்றேன்.

“அப்ப தோள் குடுக்குறோம்” என்றார் மாணிக்கம். நால்வரும் பாடையைத் தூக்கினார்கள். பாடைக்கு முன்னே துணி விரிக்கவில்லை. அது என் முடிவு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. அண்ணனை இறுதிவரை பேணிய அண்ணிக்கும், ஒரு வாரம் என்று அழைத்துக் கடைசி வரை சம்பளம் நிறுத்தாத பாய்க்கும், தோள் கொடுத்த நால்வருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மறுபயிற்சி ஆபீசுக்கு நன்றி இல்லை. கிணற்றைப் பூட்டியவர்களுக்கு நன்றி இல்லை.

இனி நம் உறவினருக்கு ஒரு வார்த்தை. வேறு சாதி ஆட்கள் பாடையைத் தொடுவதா என்று அன்று தெருமுனையில் ஒதுங்கி நின்றவர்களை நான் பார்த்தேன். அடுத்தவர் நம்மை வாசலில் நிறுத்தியதை மறந்து, நாம் இன்னொருவரை நம் வாசலில் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். இன்று மதியம் அண்ணன் பெயரால் சாப்பாடு. மாணிக்கமும் மற்ற மூவரும் முதல் வரிசையில் உட்காருவார்கள். பாய் வந்தால் அவரும் அங்கேயே. இலை ஒரே வரிசையில்தான் போடுகிறோம். அதில் உட்கார மனமில்லாதவர்கள் இந்த நினைவு மலரை வைத்துவிட்டு, சாப்பிடாமல் போகலாம். யாரையும் தடுக்கமாட்டோம்.