பெயரை வெட்டுங்கள், உஸ்தா

அம்மாவின் கல்லறைக் கல் தயார் என்று ஆள் வந்து சொன்னதும் நிலாப் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாலங்கள் கட்டும் பொறியாளர் அவள். அம்மா போய் நாற்பது நாள் ஆகியிருந்தது.

ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் கல் வெட்டுபவர்களின் தெரு. பளிங்கின் மேல் கல்தச்சர் உஸ்தா கௌஸ் கரியால் எழுதி வைத்திருந்தார்: மறைந்த யூசுபின் மனைவி, வைஸின் தாய்.

"அம்மா பேர் எங்க, உஸ்தா?"

"உங்க சித்தப்பா எழுதிக் குடுத்ததும்மா."

சித்தப்பா பட்டறையிலேயே தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். "நம்ம வீட்டுப் பொம்பள பேரை வர்றவன் போறவனெல்லாம் படிக்கணுமா? ஊர் சிரிக்கும். உன் தம்பி வைஸ் பேர் இருக்கு, போதும்."

அம்மாவின் பெயர் ஷிரீன்குல். இருபத்திரண்டு வருடம் தோளில் பனிப்பெட்டியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தவள். கொடுத்து முடித்ததும் கதவில் சுண்ணக்கட்டியால் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறிப்பாள். நோட்டில் தாயின் பெயரை எழுதுவாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாக எழுதினாள்.

ஒருமுறை கம்பளக்காரர் சந்தில் ஒருவன் வாசலை மறித்து நின்றான். "குழந்தைங்க அம்மான்னு எழுதிக்கோ."

"அவ எல்லா வீட்லயும் இருக்கா. இந்த வீட்டு அம்மா பேரு?"

"பொம்பள பேரு உனக்கெதுக்கு?"

"சரி, விடுங்க. பெத்தது நீங்கன்னே எழுதிக்கிறேன். உங்க பேரு என்ன?"

திரைக்குப் பின்னால் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு குரல் மட்டும் தெளிவாக வந்தது: "ரைஹானா. எழுதிக்கோ அக்கா."

அப்படிப்பட்ட தன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தபோது படிவத்தை நிரப்பியவள் நிலாப். சித்தப்பா பக்கத்தில் நின்றார். நோயாளி பெயர் என்ற இடத்தில் 'வைஸின் தாய்' என்று எழுதினாள். யாரும் சொல்லவில்லை. கை தானாக எழுதியது. அதே வார்டில் இன்னொரு வைஸின் தாய் இருந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு அந்தக் கட்டிலுக்குப் போய்விட்டது. கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாளால்தான் போனாள் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நிலாப் குனிந்து, துப்பட்டா முனையால் கரி எழுத்தைத் துடைத்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"பேர் எழுதப்போறேன், சித்தப்பா."

"நான் விடமாட்டேன்."

"அப்ப உங்க பேரையே வெட்டச் சொல்றேன். உள்ள படுத்திருக்கிறது நீங்கன்னு நெனச்சு எல்லாரும் ஃபாத்திஹா ஓதட்டும்."

உஸ்தாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. சித்தப்பா கோப்பையைத் தரையில் வைத்தார். "உங்க அம்மா வாய் அப்படியே இருக்கு உனக்கு."

"ஆமா. இருக்கு."

"நாளைக்கே எவனாவது சிமெண்ட்டைப் பூசி மூடுவான். அப்ப தெரியும்." அவர் எழுந்து நடந்தார்.

நிலாப் டேப்பை விரித்தாள். எழுத்துக்கு எட்டு சென்டிமீட்டர் உயரம் குறித்தாள். "ஆழம் எவ்வளவு வெட்டுவீங்க?"

"வழக்கமா நாலு மில்லிமீட்டர்."

"பன்னண்டு வெட்டுங்க. பூசினா சுரண்டி எடுத்துக்கலாம்."

 உஸ்தா கல் வெட்டும் இயந்திரத்தை முடுக்கினார். தெருவே அதிர்ந்தது. கரித்துண்டை எடுத்துக்கொண்டு, "பேரைச் சொல்லும்மா!" என்று கத்தினார். "சத்தமா! மிஷின் ஓடுது!"

முப்பத்து நாலு வயதில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.  எதிர்க்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருமுனையில் சித்தப்பாவின் முதுகு இன்னும் தெரிந்தது.

"ஷிரீன்குல்!" என்று அந்த முதுகுக்கும் கேட்கும்படி கத்தினாள். "ஷிரீன்குல்!"