ஆயிரத்து ஒன்பது நாற்காலிகள்

அந்தக் கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடுகிறவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் வேலை சுத்தம். எத்தனை நாற்காலி கொடுத்தாலும் ஒன்றுகூட மிஞ்சாமல், எல்லா வரிசையும் சமமாக, கட்டம் கட்டிவிடுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் வரிசைக்காரி.

அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது. மைக்செட்காரன் ஒருநாள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டுத் தொலைத்தான். வெட்கத்தில் உளறிவிட்டாள்.

"என்னால சமமாப் போட முடியாத மாதிரி ஒரு கணக்கு நாற்காலி கொண்டா, கட்டிக்கிறேன். ஒத்தை வரிசையா நீட்டிப் போடறது செல்லாது."

சொன்ன மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அதற்காக வேண்டுமென்றே தோற்பதா? அது மட்டும் அவளால் ஆகாது.

மண்டபத்தில் இருந்தது ஆயிரம். அவன் தன் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தான். "ஆயிரத்து ஒண்ணு! பார்த்தாலே சமமா உடையாதுன்னு தெரியல?" பாவம், முகமெல்லாம் பல். அவள் பதின்மூன்று பதின்மூன்றாக எழுபத்தேழு வரிசை போட்டுக் காட்டினாள். டீக்கடையில் கெஞ்சி இன்னும் இரண்டு கொண்டுவந்தான். பதினேழு பதினேழாக அடங்கிவிட்டது. முடிவெட்டும் கடையிலிருந்து மேலும் நாலு. பத்தொன்பது பத்தொன்பதாக அதுவும் அடங்கியது. ஒவ்வொரு தடவையும் ஜெயித்தவளுக்குத்தான் அழுகை முட்டியது.

"வீட்ல வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. இதுதான் கடைசி," என்று இன்னும் இரண்டோடு மூச்சு வாங்க வந்து நின்றான். "அம்மா உட்கார்ந்திருந்ததையே எழுப்பிப் பிடுங்கிட்டு வந்தேன்."

ஆயிரத்து ஒன்பது. இரண்டு, மூன்று, ஐந்து எதுவும் எடுபடவில்லை; அதனால் அவற்றின் மடங்குகளுக்கும் வேலையில்லை. ஏழேழாகப் போட்டாள், ஒன்று மிச்சம். பதினொன்றுக்கு எட்டு மிச்சம், பதின்மூன்றுக்கும் எட்டு. அவள் இன்னும் வேகமாக இழுத்துப் போட்டாள். பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று, இருபத்தொன்பது... ஒன்றும் படியவில்லை. முப்பத்தொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னும் எவ்வளவோ நம்பர் இருக்கே?" என்றான் அவன், பயந்துபோய்.

"அட மக்கு! முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு போட்டாலே ஆயிரத்து இருபத்துநாலு ஆயிடும். ஒரு பக்கம் முப்பத்தொண்ணைத் தாண்டினா, மறுபக்கம் அதுக்குள்ளதான் இருக்கணும். அதைத்தான் எல்லாம் பார்த்தாச்சே! இது உடையவே உடையாதுய்யா! நான் தோத்துட்டேன்!" மைக்கைப் பிடுங்கி அதிலும் கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது.

சந்தோஷத்தில் கை சும்மா இருக்குமா? மறுபடி நாற்காலிகளை இழுத்தாள். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டாக ஒரு சதுரம். மிச்சமிருந்தவை பதினைந்துக்குப் பதினைந்தாக இன்னொரு சதுரம். ஒன்றுகூட மிஞ்சவில்லை!

அவன் முகம் செத்துவிட்டது. "அப்போ... நீ ஜெயிச்சுட்டியா?"

"ஒரே கட்டமா வரலையே, நீதான் ஜெயிச்சே. ரெண்டு சதுரமாத்தான் வருது. அதுவும் இந்த ஒரே ஜோடிதான், வேற எதுவும் சேரல."

"அதுல பெரிசு யாரு?"

"நான்தான். பின்னே?"

அவன் நேரே சின்னச் சதுரத்தில் போய் உட்கார்ந்தான்.