முதுகு மட்டும் தெரிந்த பேட்டி

நாலு பேர் முன்னால் பேசக் கூசும் நான் தொலைக்காட்சியில் கதைத்தது தங்கைக்காகத்தான். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவளிடமிருந்து மாதக்கணக்கில் ஓர் அழைப்பும் இல்லை. அனுப்பிய ஏஜன்ட், நாங்கள் "காக்கா" என்று அண்ணன் முறையில் கூப்பிடுபவர், மழுப்பினார். இதைத் தோண்டிய நிகழ்ச்சிக்காரர்கள் என் முதுகை மட்டும் காட்டி, குரலையும் மாற்றிப் போட்டார்கள்.

மறுநாளே ஏஜன்ட் கல்முனையில், தான் பல பெண்களை அனுப்பியிருந்த எங்கள் குறுகிய ஒழுங்கைக்கு வந்து சத்தம் போட்டார். "டீவியில என்னப் பத்திக் கதைச்ச ஆரு?"

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா முறையில் ராத்தா என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரிக்கு என் முதுகு தெரியாமலிருக்காது. வடிகான் தண்ணீர்ச் சண்டையில் எங்களுக்குள் நெடுநாளாகப் பேச்சில்லை. அவருடைய மகளையும் இதே ஏஜன்ட்தான் அனுப்பியிருந்தார். காட்டிக்கொடுப்பார் என்றே நினைத்தேன்.

"நான்தான் கதைச்ச. இப்ப என்ன?" என்றார் ராத்தா, தன் வாசலுக்கு வந்து.

"அது மெலிஞ்ச பொம்புளயெல்லோ!"

"டீவியில எல்லாரும் மெலிவாத்தான் காக்கா தெரியிற."

ஒழுங்கையே சிரித்தது. ஏஜன்ட் சிரிக்கவில்லை. "சரி, உங்கட மகள்ட விசயத்தையும் பாப்பம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் ஒளிந்திருக்க முடியவில்லை. கதவைத் திறந்தேன். "ராத்தா இல்ல, நான்தான். என்ட தங்கச்சி எங்க?"

தங்கை இன்னும் வரவில்லை. நிகழ்ச்சிக்காரர்கள் மறுபடி வருகிறார்கள். எனக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் இம்முறை முகத்தைக் காட்டியே கதைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.